முதலிடத்தில் ஒன்றைச் சேர்க்கும் முன்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பிடோக் பொது நூலகத்திற்கு என் அக்காள் மகனை அழைத்துவரச் சென்றிருந்தேன். அவன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். கணினியியலை ஒரு பாடமாக எடுத்திருக்கிறான். மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"சித்தி, ஒரு வரிதான் சேர்த்தேன். பாட்டி வீடு ஊபிக்குப் போய்விட்டது!" என்றான்.

அவன் தன் பாட்டிக்காக, அதாவது என் அம்மாவுக்காக, ஒரு சிறு நிரல் எழுதிக்கொண்டிருந்தான். டௌன்டவுன் ரயில் பாதையில் உள்ள ஒரு நிலையத்தின் எண்ணைத் தட்டினால், அதன் பெயர் திரை முழுவதும் பெரிய தமிழ் எழுத்தில் தோன்றவேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. பாட்டிக்கு எண்தான் நினைவில் நிற்கும். அதில் வியப்பில்லை. எங்கள் வட்டாரத்தில் பெயரை மட்டும் நம்பி ரயில் ஏறினால் எங்கே இறங்குவோம் என்பது நிச்சயமில்லை. பிடோக், பிடோக் நார்த், பிடோக் ரெசர்வோர் என மூன்று நிலையங்கள் உள்ளன. பாதைகள் நீளும்போது வருகின்ற பிடோக் சவுத், சுங்கை பிடோக் ஆகியவற்றையும் சேர்த்தால் ஐந்து பிடோக்குகள். அம்மா பிடோக் நார்த் நிலையத்திற்கு அருகில் வசிக்கிறார். "நீலக் கோடு, இருபத்தொன்பது" என்பதுதான் அவர் மனத்தில் இருக்கும் முகவரி.

அவன் முப்பத்தைந்து நிலையங்களின் பெயர்களையும் ஒரு பட்டியலாக வரிசைப்படுத்தியிருந்தான். புக்கிட் பாஞ்சாங் முதலில், எக்ஸ்போ கடைசியில். பைதான் மொழியில் பட்டியலின் முதல் இடம் சுழியத்தில் தொடங்கும். ஆகையால் பாட்டி தட்டும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, அந்த இடத்தில் இருக்கும் பெயரை எடுக்கும்படி நிரலை அமைத்திருந்தான். 29ஐத் தட்டினால் பிடோக் நார்த் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு அவனுக்கு ஓர் ஆர்வம். புக்கிட் பாஞ்சாங்கிற்கு அப்பால் சுங்கை காடுட் வரை இந்தப் பாதையை நீட்டப்போகிறார்கள் என்பதை அறிந்து, வரப்போகும் இரண்டு நிலையங்களையும் இப்போதே சேர்த்துவிட நினைத்தான். அவை பட்டியலின் தலைப்பக்கத்தில் வரவேண்டியவை. பைதானில் அதற்கு 'இன்சர்ட்' என்ற கட்டளை இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 'அன்ஷிஃப்ட்' என்பார்கள். எழுதுவது ஒரே வரி. எழுதி முடித்ததும் பட்டியல் அழகாக நீண்டது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஆனால், 29ஐத் தட்டியபோது திரையில் வந்த பெயர் 'ஊபி'. பிடோக் நார்த்துக்கு இரண்டு நிலையங்கள் முன்னால் இருப்பது அது.

பட்டியலின் தொடக்கத்தில் ஒன்றைச் சேர்ப்பது நிரலாக்கத்தில் மிகச் சாதாரணமான செயல். புதிய செய்தியை மேலே காட்டுவது, கடைசியாக வந்த குறுந்தகவலை முதலில் வைப்பது என நாள்தோறும் நாம் பயன்படுத்தும் பல செயலிகளுக்கு இது தேவை. இதை நாம் மாணவர்களுக்கு எப்படிக் கற்பிக்கிறோம் என்பதில்தான் எனக்குக் குறை. கட்டளையைச் சொல்கிறோம், விடை சரியா என்று பார்க்கிறோம், அடுத்த பயிற்சிக்குப் போய்விடுகிறோம். முதலிடத்தில் ஒன்றைச் சேர்க்கும்போது மற்றவை என்ன ஆகின்றன என்ற கேள்வியையும் பாடத்தின் ஒரு பகுதியாக வைக்கவேண்டும் என்பது என் கருத்து.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இவ்வாறு வரிசையாக அடுக்கப்பட்ட தரவுகளைத் தமிழில் 'அணி' என்கிறோம். பைதானின் பட்டியலும் உள்ளுக்குள் ஓர் அணிதான். கணினியின் நினைவகத்தில் அதன் உறுப்புகள் அடுத்தடுத்த அறைகளில் இருக்கும். நடுவே இடைவெளி இராது. அதனால்தான், 28ஆம் இடத்தில் இருப்பதைக் கொடு என்றால் கணினி ஒவ்வோர் அறையாகத் தேடுவதில்லை. தொடக்க முகவரியோடு 28 அறைகளைக் கூட்டிக் கணக்கிட்டு, நேரே அங்கே போய்விடுகிறது. அணியின் பெரிய வசதி இது.

இந்த வசதிக்கு உரிய விலையைத் தலைப்பக்கத்தில் கொடுக்கவேண்டியிருக்கிறது. முதல் அறையில் புதியவர் ஒருவர் வரவேண்டுமானால், ஏற்கெனவே இருப்பவர்கள் அனைவரும் ஓர் அறை தள்ளிப் போகவேண்டும். அதிலும், கடைசியில் இருப்பவரே முதலில் நகரவேண்டும். முதலில் இருப்பவரை முதலில் நகர்த்தினால், அவர் இரண்டாமவரின் அறைக்குள் போய் அவரை அழித்துவிடுவார். தேசிய மாணவர் படையில் இருக்கும் மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அணிவகுப்பில் நெருக்கமாக நின்றபின் வலக்கோடியில் ஒருவரைச் சேர்த்தால், இடக்கோடியில் இருப்பவர் அடியெடுத்து வைக்கும்வரை யாராலும் அசைய முடியாது. 'அணி' என்ற சொல்லை இதற்குத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, நன்றாகவே தேர்ந்தெடுத்திருக்கிறார்.

வால்பக்கத்தில் சேர்ப்பதோ எளிது. பைதான், பட்டியலின் கடைசியில் சில அறைகளைக் காலியாக வைத்துக்கொள்கிறது. புதியவர் வந்தால் பெரும்பாலும் அங்கே உட்காரவைத்துவிடலாம், யாரையும் எழுப்பவேண்டியதில்லை. தலைப்பக்கத்தில் அப்படிக் காலியிடம் வைக்கப்படுவதில்லை.

"முப்பத்தைந்து பெயர்கள் நகர எவ்வளவு நேரம் ஆகும், சித்தி? கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுமே" என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. முதல் நிலையத்தைச் சேர்க்க 35 நகர்வுகள். இரண்டாவதைச் சேர்க்க 36. மொத்தம் 71. இன்றைய கணினிக்கு இது ஒரு பொருட்டே அல்ல. இவ்வளவு சிறிய பட்டியலுக்கு வேகத்தைப் பற்றிக் கவலைப்படுவது வீண் என்றே நானும் சொல்வேன். ஆனால், காலியான ஒரு பட்டியலில் ஒரு லட்சம் செய்திகளை ஒவ்வொன்றாகத் தலைப்பக்கத்தில் சேர்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் செய்திக்கு நகர்வு இல்லை; இரண்டாவதற்கு ஒன்று; மூன்றாவதற்கு இரண்டு. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் மொத்தம் 499 கோடியே 99 லட்சத்து 50 ஆயிரம் நகர்வுகள். நான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் அவன் கைப்பேசியைக் கீழே வைத்தான். வால்பக்கத்தில் சேர்த்துவிட்டு, படிக்கும்போது கடைசியிலிருந்து தொடங்கினால் இந்த நகர்வுகளே தேவையில்லை.

இதில் நேரம் ஒரு பகுதிதான். என்னை அதிகம் உறுத்துவது மற்றொன்று. உறுப்புகள் நகரும்போது அவற்றின் எண்களும் மாறிவிடுகின்றன. கணினிக்கு அது ஒரு நொடி வேலை. அந்த எண்களை மனத்தில் வைத்திருக்கும் மனிதர்களுக்கு?

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் இந்தத் துறைக்குப் புதியவளாக இருந்தபோது, ஒரு பயிற்சிநூலின் வரைவைத் தயாரித்தோம். வேலை ஏறத்தாழ முடிந்த நிலையில், ஒரு நல்ல பாடம் கிடைத்தது. தொடக்கத்தில் வைத்தால் மாணவர்களை ஈர்க்கும் என்று அதை முதல் பாடமாகச் சேர்த்தேன். மற்றவை தாமாக ஒவ்வோர் எண் தள்ளிப்போயின. பொருளடக்கமும் சரியாகவே மாறியது. ஆனால் நூலின் உள்ளே, "பாடம் 4இல் கற்ற சொற்களைப் பயன்படுத்துக" என்று எழுதியிருந்த இடங்கள் அப்படியே இருந்தன. பழைய நான்காம் பாடம் இப்போது ஐந்தாம் பாடம். மெய்ப்புப் பார்க்கும்போதுதான் இது தெரிந்தது. விடைக்குறிப்புகள், ஆசிரியர் கையேடு, ஒலிப்பதிவுகளின் எண்கள் என்று ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த இரண்டு இரவுகள் பிடித்தன. ஒரு பாடத்தை முன்னால் நகர்த்த எனக்குப் பிடித்த நேரம் அரை நிமிடம்.

நம் ரயில் பாதைகளுக்கு எண் வைப்பவர்கள் இந்த இக்கட்டை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதைக் கவனித்தால் சுவையாக இருக்கும். டௌன்டவுன் பாதையின் முதற்கட்டம் 2013ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் திறக்கப்பட்டது. அன்று திறந்தவை ஆறு நிலையங்கள். அவற்றுள் முதலாவதான பூகிஸ் நிலையத்திற்கு டிடி1 என்று எண் கொடுக்கவில்லை. டிடி14 என்று கொடுத்தார்கள். முன்னால் பதின்மூன்று எண்கள் காலியாக விடப்பட்டன. பூகிஸுக்கு முன்னால் நிலையங்கள் வரப்போகின்றன என்பது திட்டமிட்டவர்களுக்குத் தெரியும். 2015 டிசம்பரில் இரண்டாம் கட்டம் திறந்தபோது புக்கிட் பாஞ்சாங் டிடி1 ஆனது. பூகிஸ் டிடி14 ஆகவே இருந்தது. 2017 அக்டோபரில் மூன்றாம் கட்டம் திறந்தபோது பிடோக் நார்த் உள்ளிட்ட 16 நிலையங்கள் வால்பக்கத்தில் சேர்ந்தன. அப்போதும் யாருடைய எண்ணும் மாறவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2015இல் டிடி3க்கு அடுத்து டிடி5 வந்தது. நான்காம் எண்ணைக் காணோம். எண்ணத் தெரியாதவர்களா இவர்கள் என்று அப்போது யாராவது கேலி செய்திருக்கலாம். 2025 பிப்ரவரி 28ஆம் நாள் ஹியூம் நிலையம் திறந்தது. அதன் எண் டிடி4. ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காலியாக இருந்த நாற்காலியில் அது வந்து உட்கார்ந்தது. வடக்கு தெற்குப் பாதையில் 2019இல் திறந்த கென்பரா நிலையமும் அப்படித்தான். செம்பவாங்கிற்கும் ஈசூனுக்கும் நடுவே 12ஆம் எண் அதற்காகக் காத்திருந்தது.

ஆனால் டிடி1க்கு முன்னால் காலி எண் ஏது? இப்போது பாதையை வடக்கே நீட்டும்போது அந்தச் சிக்கல் வந்தேவிட்டது. புதிய நிலையங்களை டிடி1, டிடி2 என்று வைத்தால், புக்கிட் பாஞ்சாங் டிடி3 ஆகும். என் அம்மாவின் இருபத்தொன்பது முப்பத்தொன்றாகும். முப்பத்தைந்து நிலையங்களிலும் பலகைகள் மாறவேண்டும். தீவு முழுவதும் உள்ள வரைபடங்கள் மாறவேண்டும். பலகையை ஓர் இரவில் மாற்றிவிடலாம். முதியவர்களின் நினைவை எப்படி மாற்றுவது? நிலப் போக்குவரத்து ஆணையம் அந்த வழியில் போகவில்லை. இரண்டாம் எழுத்தை மட்டும் மாற்றி, புக்கிட் பாஞ்சாங்கிற்கு அடுத்ததற்கு டிஇ1 என்றும், அதற்கும் அப்பால் உள்ள சுங்கை காடுட்டுக்கு டிஇ2 என்றும் குறியீடு வைத்திருக்கிறது. எண்கள் எதிர்த்திசையில் ஏறுகின்றன. பார்க்கக் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் ஒருவரையும் அசைக்கவேண்டியதில்லை.

இதே சுங்கை காடுட் நிலையம் வடக்கு தெற்குப் பாதையிலும் அமைகிறது. அங்கே அதன் எண் என்எஸ்6. இயூ டீ நிலையம் 5, கிராஞ்சி 7, நடுவே 6 காலியாகவே இருந்தது. ஒரே நிலையம், ஒரு பாதையில் முன்பே விட்டுவைத்த இடத்தில் உட்காருகிறது. மற்றொரு பாதையில் இடமில்லாததால் புது எழுத்தோடு வருகிறது.

ரயிலை விடுங்கள். பிடோக் பேருந்து முனையத்தின் பக்கத்தில் இருக்கும் உணவங்காடி நிலையத்தின் முகவரியைப் பார்த்திருக்கிறீர்களா? புளோக் 208பி. ஏற்கெனவே எண்ணிட்ட கட்டடங்களுக்கு நடுவே புதிது வந்தால், நம் நாட்டில் எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். 209ஆம் புளோக்கில் இருப்பவர்கள் தங்கள் முகவரியை மாற்றிக்கொள்ளவேண்டியதில்லை, அஞ்சல்காரரும் குழம்பவேண்டியதில்லை.

இப்படிப்பட்ட சிந்தனையைத்தான் நிரலாக்க வகுப்பிலும் நான் எதிர்பார்க்கிறேன். 2020 முதல் நம் தொடக்கப்பள்ளிகளின் மேல்வகுப்பு மாணவர்கள் அனைவரும் 'கோட் ஃபார் ஃபன்' திட்டத்தின்வழி நிரலாக்கத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள். உயர்நிலைக்கு வரும்போது கட்டளைகள் அவர்களுக்குப் புதியவை அல்ல. ஆகவே, கட்டளையை மட்டும் மறுபடியும் சொல்லிக்கொடுப்பதில் பயன் குறைவு.

என் கருத்தை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆசிரியராக இருக்கும் என் தோழி ஒருவர், "பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முதலில் நிரல் ஓடவேண்டும். ஓடினால்தான் ஆர்வம் வரும். உள்ளே எது நகர்கிறது என்றெல்லாம் தொடக்கத்திலேயே சொன்னால் பாதிப்பேர் ஓடிவிடுவார்கள்" என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. முதல் வாரத்திலேயே நினைவகத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேறு சிலர், இப்போது செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தந்துவிடும், இதையெல்லாம் மாணவர்கள் ஏன் அறியவேண்டும் என்கிறார்கள். இவர்களோடு நான் உடன்படவில்லை. தலைப்பக்கத்தில் சேர்க்கும் அந்த ஒரு வரியை எந்த இயந்திரமும் பிழையின்றி எழுதிவிடும். அக்காள் மகன் எழுதிய வரியிலும் பிழை இல்லையே! பிடோக்கில் ஒரு மூதாட்டி 29 என்ற எண்ணை நம்பி வீடு திரும்புகிறார் என்பதை, நாம் சொன்னாலொழிய அது அறியாது. நாம் சொல்லவேண்டுமானால், அதைச் சொல்லவேண்டும் என்பது முதலில் நமக்குத் தோன்றவேண்டும்.

இதற்கு நீண்ட பாடம் தேவையில்லை. பத்து மாணவர்களைப் பத்து நாற்காலிகளில் உட்காரவைத்து, முதல் நாற்காலியில் பதினொன்றாமவரை உட்காரச் சொன்னால் போதும். யார் எழுந்தார்கள், எத்தனை பேர் நகர்ந்தார்கள், நான்காம் நாற்காலிக்கு எழுதிய கடிதம் இப்போது யாருக்குப் போகும் என்று கேட்கலாம். பிறகு பைதானில் இருக்கும் 'டெக்' என்ற அமைப்பைக் காட்டலாம். அதற்கு இரு பக்கமும் வாசல் உண்டு. முன்னால் சேர்த்தாலும் பின்னால் சேர்த்தாலும் மற்றவர்கள் எழுந்திருக்கவேண்டியதில்லை. ஆனால், அதன் நடுவில் இருக்கும் ஒருவரைத் தேடிப் போவது அணியில் போல் விரைவாக இராது. எதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அன்று நூலகத்தில் நாங்கள் 'டெக்' வரை போகவில்லை. அவனுடைய சிக்கலுக்கு அது தீர்வும் அல்ல. அதிலும் இடத்தின் எண் மாறத்தான் செய்யும். "நிலையத்தின் எண்ணும் பட்டியலில் அது இருக்கும் இடமும் ஒன்றா?" என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் யோசித்தான். பிறகு பட்டியலைக் கலைத்துவிட்டு, ஒவ்வொரு நிலையத்தின் குறியீட்டையும் அதன் பெயரோடு இணைத்து, அகராதி போன்ற அமைப்பில் எழுதத் தொடங்கினான். டிடி29 என்றால் பிடோக் நார்த். அதற்கு முன்னால் எத்தனை நிலையங்கள் இருந்தால் என்ன? டிஇ1 நிலையத்துக்கு இன்னும் பெயர் இல்லாததால், அந்த இடத்தில் 'விரைவில்' என்று போட்டுவைத்தான்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் மடிக்கணினியைக் கொடுத்தான். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு விரலால் இரண்டு, ஒன்பது என்று தட்டினார். பெயர் வந்தது.

"அப்போ அந்தப் பக்கம் புது ஸ்டேஷன் வந்தா, என் நம்பர் மாறாதுல்ல?"

"மாறாது, பாட்டி."

அம்மா தலையசைத்துவிட்டு 4ஐத் தட்டினார். ஹியூம் என்று வந்தது. "இது எப்போ வந்துச்சு?" என்று கேட்டார்.